தாடி முளைத்தால் போதுமா?

தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள், குடித்துக்கொண்டே பேசலாம். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் இருக்கும் உங்கள் மைத்துனர் வசந்தத்தில் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகிறார். ஒரு வயதுச் சேவல் எதிரே வந்து நின்றால் சுடுவதா, விடுவதா என்று அங்கே வேட்டைக்காரர்களுக்குள் ஓயாத தர்க்கம். இதில் தர்க்கம் பண்ண என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். நிறையவே இருக்கிறது.

நாம் பேசுவது பண்ணையில் வளரும் கனத்த வெள்ளை வான்கோழியைப் பற்றி அல்ல. இது வட அமெரிக்கக் காடுகளின் சொந்தப் பறவை. இரவில் மரத்தில் அடையும், விடிந்ததும் இறங்கி மேயும், ஆபத்தென்றால் நன்றாகவே பறக்கும். மே, ஜூன் வாக்கில் முட்டையிலிருந்து வெளிவந்த சேவலுக்கு அடுத்த ஏப்ரலில், வேட்டைக் காலத்தில், ஒரு வயதுகூட முழுதாக நிரம்பியிருக்காது. அதைத்தான் அங்கே ‘ஜேக்’ என்கிறார்கள். இரண்டாம் வசந்தத்தைப் பார்த்துவிட்டால் அது ‘காப்ளர்’.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி? வான்கோழிச் சேவலின் நெஞ்சில் முரட்டு மயிர்க்கற்றை ஒன்று தொங்கும், தாடி என்பார்கள். ஜேக்குக்கு அது மூன்று முதல் ஐந்து அங்குலம். வயதான காப்ளருக்கு எட்டு, பத்து அங்குலம் இருக்கும். கால் முள்ளிலும் வித்தியாசம் உண்டு: ஜேக்குக்கு வெறும் மொட்டு, மூன்று வயதுச் சேவலுக்கு ஓர் அங்குல அளவில் கூர்முள். ஆனால் புல்லுக்குள் நிற்கும் பறவையின் காலை யார் பார்ப்பது? நம்பத் தகுந்த அடையாளம் வால்தான். சேவல் வாலை விரிக்கும்போது விளிம்பு ஒரே சீராக வளைந்திருந்தால் காப்ளர். நடு இறகுகள் மட்டும் துருத்திக்கொண்டு உயரமாக நின்றால் ஜேக். முதல் வருடத்தில் நடு இறகுகள் மட்டுமே உதிர்ந்து பெரிய இறகுகளாக முளைக்கின்றன. ஓரத்து இறகுகள் அடுத்த கோடையில்தான் மாறும். ஆகவே, தெரியாமல் சுட்டுவிட்டேன் என்று சொல்ல அதிகம் இடமில்லை. பொறுத்துப் பார்த்தால் தெரியும்.

பல மாநிலங்களில் சட்டம் தாடி இருக்கிறதா என்று மட்டும் கேட்கும், எத்தனை அங்குலம் என்று கேட்காது. ஜேக்கைச் சுடுவது அங்கெல்லாம் குற்றமில்லை. மிசிசிப்பி 1998-இல் வேறு வழியில் போனது. வளர்ந்த காப்ளராகவோ, தாடி ஆறு அங்குலமாவது உள்ள சேவலாகவோ இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு. ஒரு பருவத்துக்கு ஒரு ஜேக் சுடலாம். பிறகு ஆர்கன்சாஸும் அதே பாதைக்கு வந்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். ஜேக்கைச் சுட்டால் வான்கோழி இனம் அழிந்துவிடுமா? அழியாது. ஆட்டு மந்தைக்கு ஒரு நல்ல கிடாய் போதும் அல்லவா, அதுபோலத்தான் இங்கேயும். ஒரு காப்ளர் பல பெட்டைகளோடு சேரும். பெட்டை ஒருமுறை சேர்ந்தாலே பல நாள்களுக்குக் கருவுற்ற முட்டைகளை இடும். அதனால் அளவோடு சேவல்களை எடுத்தால் அடுத்த வருடக் குஞ்சுகளின் எண்ணிக்கை குறைவதில்லை. வசந்தத்தில் சேவல் மட்டும் என்ற ஏற்பாட்டின் அடிப்படையே இதுதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடழிப்பாலும் வரைமுறையற்ற வேட்டையாலும் பல மாநிலங்களில் இந்தப் பறவை அடியோடு இல்லாமல் போனது. 1950களிலிருந்து, வெடியோடு பாய்ந்து விழும் வலைகளால் காட்டுப் பறவைகளையே பிடித்து, ஒழிந்த இடங்களில் கொண்டுபோய் விட்டார்கள். இன்று பல லட்சங்களாகப் பெருகி நிற்கிறது. சேவல் வேட்டை நடந்துகொண்டிருக்கும்போதே இந்த மீட்சியும் நடந்தது.

அப்படியென்றால் சுடட்டுமே என்கிறீர்களா? பொறுங்கள். எண்ணிக்கை ஒரு கணக்கு, காட்டில் எந்த வயதுச் சேவல்கள் இருக்கின்றன என்பது வேறு கணக்கு. முதல் குளிர்காலத்தைத் தாண்டிய சேவலுக்கு மனிதன் அளவுக்குப் பெரிய எதிரி இல்லை. இன்று விட்டுவிட்ட ஜேக் அடுத்த ஏப்ரலில் இரண்டு வயதுக் காப்ளராக நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்த இரண்டு வயதுச் சேவல்தான் விடியலில் மரத்தின் மேலிருந்து விடாமல் களகளவென்று கூவும். வேட்டைக்காரர் பெட்டைபோல் குரல் கொடுத்தால் ஆவலோடு தேடி வரும். ஜேக்கின் கூவலோ பாதியில் உடைந்துபோகும். ஜேக்குகளைச் சுட்டுத் தீர்த்த காட்டில் அடுத்த வசந்தம் ஊமையாக இருக்கும். அதைச் சுட்டவரேதான் அடுத்த வருடம் வந்து, பறவையே இல்லை என்பார்.

ஜேக்குகள் கூட்டமாகத் திரிவதற்கும் ஒரு காரணம் உண்டு. கூட இருப்பவை பெரும்பாலும் உடன்பிறந்தவை. ஆறேழு மாத வயதில் தாயை விட்டுப் பிரியும்போதே தங்களுக்குள் சண்டையிட்டு, யார் மூத்தவன், யார் அடுத்தவன் என்று தீர்த்துக்கொள்கின்றன. அந்த வரிசை ஆயுள் முழுக்க நிற்கும். கலிபோர்னியாவில் ஆலன் க்ராகவர் மரபணுச் சோதனை செய்து 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் அழகாகக் காட்டியது. அண்ணனும் தம்பியும் சேர்ந்தே வால் விரித்து ஆடுகின்றன. பெட்டையோடு சேர்வது அண்ணன் மட்டும். ஆனால் துணை உள்ள அண்ணனுக்கு, தனியாக ஆடும் சேவலைவிடக் குஞ்சுகள் மிக அதிகம். ஆக, ஒரு ஜேக் விழும்போது பல வருடம் சேர்ந்தே நிற்கவிருந்த ஒரு கூட்டணியும் குலைகிறது. எனக்கு இந்த ஒரு செய்தியே போதும், விரல் விசையிலிருந்து இறங்கிவிடும்.

எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஜேக்கின் கறி இளசு. உணவுக்காக வேட்டையாடும் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முதல்முறை துப்பாக்கி பிடிக்கும் குழந்தைக்கு, குரல் கேட்டதும் ஓடிவரும் ஜேக்கைப்போல ஏற்ற பறவை கிடையாது. மிசிசிப்பி கொடுத்த விலக்கு சரியானது. ஆனால் ‘ஜேக் கூட்டம் காப்ளரை விரட்டியடிக்கிறது, அதனால் குறைக்கிறேன்’ என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். விரட்டுவது உண்மைதான். ஆனால் ஜேக் கூட்டம் பெரிதாக இருக்கிறதென்றால் போன கோடையில் குஞ்சுகள் நன்றாகப் பிழைத்தன என்று பொருள். அவர் குறைப்பது தன்னுடைய அடுத்த வருடக் காப்ளர்களை.

இத்தனையும் சொன்னபிறகு, ஜேக்கை விட்டுவிட்டால் வான்கோழியைக் காப்பாற்றிவிட்டோம் என்று யாராவது நினைத்தால் அதையும் மறுக்க வேண்டும். தென்கிழக்கு மாநிலங்களில் எண்ணிக்கை சரிந்து வருவது பெரும்பாலும் கூடுகளில் நடப்பதால். பெட்டை தரையில் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு 28 நாள் அடைகாக்கிறது. ரக்கூன், ஸ்கங்க், பாம்பு, காகம் எல்லாம் அந்த முட்டைக்கு வரும். பொரிந்த குஞ்சுக்கு முதல் இரண்டு வாரம் சரியாகப் பறக்க முடியாது; தரையில்தான் படுத்தாக வேண்டும். அதற்குப் பூச்சி நிறைந்த திறந்த புல்வெளி தேவை. கட்டுப்பாட்டோடு தீ வைத்துப் பராமரிக்காத, நெருங்கி அடைந்த பைன் தோட்டத்தில் அது கிடைக்காது. இதோடு, பெட்டைகள் சேர்ந்து முடிப்பதற்கு முன்பே வேட்டையைத் தொடங்கி முதல்நிலைச் சேவல்களைச் சுடுவது சரியா என்று ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் மைக் சேம்பர்லேன் போன்றவர்கள் கேட்டு வருகிறார்கள். ஜார்ஜியா 2022-இல் தொடக்கத்தைத் தள்ளிவைத்து, ஆளுக்கு மூன்று என்பதை இரண்டாகக் குறைத்தது. இலையுதிர் காலத்தில் சில மாநிலங்களில் பெட்டையையும் சுடலாம். என்னைக் கேட்டால் பத்து ஜேக்கைவிட அந்த ஒரு பெட்டை பெரிய இழப்பு.

உங்கள் மைத்துனரிடம் இப்படிச் சொல்லுங்கள்: தானே சுடுவதாக இருந்தால் ஜேக்கை விட்டுவிடட்டும். மகளை முதல்முறை அழைத்துப்போனால், முதலில் அவர் ஊர் விதியைப் படித்துக்கொள்ளட்டும். இடம் கொடுத்தால், அவள் சுடட்டும். அதோடு ஜூலை, ஆகஸ்டில் துப்பாக்கி இல்லாமல் அதே காட்டோரம் போய், எத்தனை பெட்டைகள் குஞ்சுகளோடு மேய்கின்றன, எத்தனை தனியாக மேய்கின்றன என்று எண்ணிக் குறித்துவரட்டும். பல மாநிலங்களில் வனவிலங்குத் துறையே பொதுமக்களிடம் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்குகிறது.