வண்டியில் கிடக்கட்டும்

பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக ஒடித்துப் போட்டு, அதனால் குறைந்த சில கிராமைக் கணக்கில் எழுதிக்கொள்கிற ஆட்கள் இவர்கள். அமெரிக்காவின் மேற்கு மலைகளில் சாலை முடிகிற இடத்திலிருந்து எட்டு, பத்து கிலோமீட்டர் உள்ளே நடந்துபோய், கூடாரம் அடித்து எல்க் மான் வேட்டையாடுகிறவர்கள். முதுகுச் சுமையில் இத்தனை கஞ்சத்தனம் பார்க்கிறவர்கள், மலையடியில் நிறுத்திவிட்டுப் போன பிக்கப் டிரக்கைத் திறந்து பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு மெக்கானிக் பட்டறையை மளிகைக் கடையோடு சேர்த்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியது போலிருக்கும்.

காரணம் எளிது. தோளில் போகும் பொருளுக்கு ஒவ்வொரு கிராமுக்கும் மூச்சு வாங்க வேண்டும். வண்டியில் கிடப்பதற்கு அது இல்லை. ஆகவே பழகிய வேட்டைக்காரர் இரண்டு பட்டியல் போடுகிறார். கூட வருவது ஒன்று, வண்டியில் கிடப்பது மற்றொன்று. முதல் பட்டியலில் எதற்கும் மாற்று இருக்காது. மாற்றெல்லாம் இரண்டாவதில்தான்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டை பழங்கதையாகிவிட்டது. கொலராடோ மாநிலத்திலோ அது அரசே உரிமம் விற்று, எண்ணிக்கை நிர்ணயித்து, காலம் குறித்து நடத்தும் காரியம். அங்கே ஏறக்குறைய 3 லட்சம் எல்க் மான்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை கிடையாது. செப்டம்பரில் வில் அம்பு. அக்டோபர், நவம்பரில் துப்பாக்கி. வெளிமாநிலத்தவர் ஓர் எல்க் உரிமத்துக்குக் கட்டுவது 800 டாலர் அளவில் வரும். நல்ல பகுதிகளுக்குக் குலுக்கல் உண்டு. ஆண்டுதோறும் விண்ணப்பித்து, முன்னுரிமைப் புள்ளிகளைச் சேர்த்து, பத்துப் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்து போகிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்படிக் கிடைத்த ஒரு வாரத்தை உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான் ஒன்று கெடுத்துவிடும்.

காம்பவுண்ட் வில்லின் நாணை இப்போது பெரும்பாலும் விரலால் இழுப்பதில்லை. மணிக்கட்டில் பட்டையாகக் கட்டிக்கொள்ளும் ‘ரிலீஸ்’ என்ற சின்னக் கொக்கி, நாணில் முடிந்திருக்கும் நூல் வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். விசையைத் தொட்டால் விட்டுவிடும். தண்ணீர் குடிக்கும்போதோ கையுறை மாட்டும்போதோ இதைக் கழற்றிப் பாறைமேல் வைத்துவிட்டு, ஒரு மலை தாண்டிய பிறகு நினைத்துக்கொள்வது சகஜம். விரலாலேயே இழுத்து எய்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் ரிலீஸுக்குப் பழகி, அதற்கென்றே குறி சேர்த்த வில்லில் விரலைப் போட்டால் அம்பு போகும் இடமே மாறிவிடும். வில் சாமான் விற்கும் கடைக்குப் போக வேண்டுமானால் இரண்டு, மூன்று மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். ஆகவே அதே மாதிரி இன்னொரு ரிலீஸ், ஏற்கெனவே கைக்கு அளவு வைத்துப் பழகியது, வண்டியில் கிடக்கிறது. கூடவே கொஞ்சம் வளைய நூல், கூடுதல் அம்புகள்.

துப்பாக்கிக்காரருக்கு இந்த இடத்தில் நிற்பது ஸ்கோப், அதாவது ரைபிள்மேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கி. சரளைக் கல் சரிவில் கால் வழுக்கி ரைபிள் பாறையில் இடித்துவிட்டால், வெளியே ஒரு கீறல்தான் தெரியும். உள்ளே குறி நகர்ந்திருக்கும். 100 கஜத்தில் ஓர் அங்குலப் பிசகு 300 கஜத்தில் மூன்று அங்குலமாகும். அதனால் வண்டியில் சில காகிதத் தட்டுகள், ஒரு மார்க்கர் பேனா, ஒட்டும் டேப், ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களின் திருகுகளுக்கான நட்சத்திரத் தலைச் சாவிகள் இருக்கும். பாதுகாப்பான மண்மேட்டில் தட்டைக் குத்தி வைத்து, மூன்று தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி மேலே ஏறுவார்கள். இன்னும் முன்யோசனைக்காரர்கள், வளையங்களோடு பொருத்தி வீட்டிலேயே குறி சேர்த்த இரண்டாவது ஸ்கோப்பையே கொண்டுவருவார்கள். கூடுதல் தோட்டாவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அதே கம்பெனி, அதே குண்டு எடை, அதே வகையாக இருக்க வேண்டும். வழியில் உள்ள ஊர்க் கடையில் கிடைத்ததை வாங்கிப் போட்டால் குண்டு வேறிடத்தில் போய்ப் படும். அந்தத் தோட்டாவும் வண்டி ஓடும்போது துப்பாக்கியின் அறைக்குள் இருக்கக் கூடாது என்பது கொலராடோ சட்டம்.

சட்டம் என்றதும் ஆரஞ்சு நிறம் நினைவுக்கு வருகிறது. துப்பாக்கிப் பருவத்தில் இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு துணி உடம்பில் தெரிய வேண்டும். தலைக்கும் அதே நிறத்தில் தொப்பி வேண்டும். 2016 முதல் ஒளிரும் இளஞ்சிவப்பும் செல்லும். காற்றில் பறந்துபோன தொப்பிக்குப் பதில் இன்னொன்று இல்லையென்றால் அன்றைய வேட்டை அதோடு முடிந்தது. நாலைந்து டாலர் சமாச்சாரம்.

இதுவரை சொன்னவை வேட்டையைக் காப்பாற்றும் பொருட்கள். ஆளைக் காப்பாற்றும் பொருட்கள் வேறு.

உள்ளாடையிலிருந்து குல்லாய் வரை ஒரு முழு உடுப்பு, நீர் புகாத பையில் கட்டி, கடைசி நாள் வரை தொடாமல் வைக்கப்பட்டிருக்கும். பருத்தி கூடாது, கம்பளி அல்லது செயற்கை இழை. நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் முதலில் கை சொன்ன பேச்சைக் கேட்காது, பிறகு புத்தி கேட்காது. இரண்டாவது ஜோடி பூட்ஸ், இரண்டாவது தூங்கும் பை, போர்வை, சமைக்காமல் சாப்பிடக்கூடிய டின் உணவு, தண்ணீர்க் கேன். கேனை முக்கால் அளவுதான் நிரப்புவார்கள், உறையும்போது வெடிக்காமல் இருக்க.

அடுத்தது வண்டி. ஸ்டெப்னி இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். அதில் காற்று இருக்கிறதா என்பதற்குப் பதில் வராது. கூர்மையான கற்கள் நிறைந்த காட்டுப்பாதையில் ஒரே நாளில் இரண்டு டயர் போவதும் நடக்கும். அதனால் சிலர் இரண்டு ஸ்டெப்னி வைத்துக்கொள்கிறார்கள்; மற்றவர்கள் பஞ்சர் ஒட்டும் சாமானும் பாட்டரியில் ஓடும் சின்னக் காற்றடிப்பானும். ஜாக்கி எல்லா வண்டியிலும் உண்டு. அது தார்ச்சாலைக்காகச் செய்த ஜாக்கி. மழை ஊறிய மண்ணில் வைத்துத் திருகினால் வண்டி உயராது, ஜாக்கி தாழும். திருகத் திருக அதன் அடித்தட்டு சேற்றுக்குள் போய்க்கொண்டேயிருக்கும். ஒரு சாண் அகலத் தடித்த பலகைத் துண்டு ஒன்றை அடியில் கொடுத்தால் போதும், தீர்ந்தது. கடையில் விற்கும் எத்தனையோ விலையுயர்ந்த கருவிகளைவிட இந்தப் பலகைக்குத்தான் முதல் மதிப்பெண் போட வேண்டும். சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச் மாட்டிக்கொண்டு வரும் பலரிடம் ஒரு மண்வெட்டிகூட இருப்பதில்லை!

டெக்சாஸ் போன்ற வெப்பமான ஊரிலிருந்து டீசல் வண்டியில் வருகிறவர்களுக்குத் தனிச் சிக்கல். அங்கே நிரப்பிய டீசல், மலையின் கடுங்குளிரில் மெழுகு திரண்டு பில்டரை அடைத்துவிடும். இதற்கென்று விற்கும் மருந்தை, திரளுவதற்கு முன்பே டாங்கில் ஊற்றியிருக்க வேண்டும். திரண்ட பிறகு ஊற்றிப் பயனில்லை. புதிய டீசல் வண்டிகளின் புகையைச் சுத்திகரிக்க ஊற்றும் யூரியா திரவம் மைனஸ் 11 டிகிரியில் உறைந்துபோகும் என்பதால் கூடுதல் கேனையும் குளிர் படாமல் வைக்க வேண்டும். பாட்டரி இன்னொரு தலைவலி. மைனஸ் 18 டிகிரியில் சாதாரணக் கார் பாட்டரியின் திறன் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஒரு வாரம் நின்ற வண்டியில் யாரோ உள்விளக்கை அணைக்காமல் போயிருந்தால் சொல்லவே வேண்டாம். கையடக்க ஸ்டார்ட்டர் உதவும். ஆனால் அதுவும் பாட்டரிதானே, அதற்கும் குளிரும். பழகியவர்கள் அதைக் காலியான ஐஸ் பெட்டிக்குள் துணி சுற்றி வைக்கிறார்கள். உள்ளே சூடு தங்கவைக்கும் பெட்டி இரவின் கடுங்குளிரைக் கொஞ்சம் தாங்கும்.

நான்கு சக்கரத்துக்கும் சங்கிலி, இழுவைப் பட்டை, ஒரு மரம் அறுக்கும் ரம்பம். ரம்பம் எதற்கு? கொலராடோவில் 1990களின் பிற்பகுதியிலிருந்து பைன் வண்டு அரித்துக் கொன்ற காடு 30 லட்சம் ஏக்கருக்கும் மேல். அந்தப் பட்ட மரங்கள் காற்றடித்தால் சாலையின் குறுக்கே விழும். போகும்போது திறந்திருந்த பாதை திரும்பும்போது மூடியிருக்கும்.

வண்டியையே நம்பி உயிர் பிழைப்பது என்றால் என்ன என்பதை அமெரிக்கர்களுக்கு உறைக்கவைத்த சம்பவம் வேட்டையோடு தொடர்பில்லாத ஒன்று. 2006 நவம்பர் 25 அன்று ஜேம்ஸ் கிம் என்ற தொழில்நுட்பப் பத்திரிகையாளர் மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு ஒரெகான் மலைகளில் வழி தவறி, ஆளற்ற காட்டுச் சாலை ஒன்றில் பனியில் சிக்கினார். எரிபொருள் தீரும்வரை எஞ்சினை ஓட்டிச் சூடு காய்ந்தார்கள். பிறகு கார் டயர்களைக் கழற்றிக் கொளுத்தினார்கள். டிசம்பர் 2 அன்று கிம் உதவி தேடி நடந்தே கிளம்பினார். காரோடு இருந்த மனைவியும் குழந்தைகளும் டிசம்பர் 4 அன்று உயிரோடு மீட்கப்பட்டார்கள். அவருடைய உடல் 6ஆம் தேதி ஓர் ஓடைப் பள்ளத்தில் கிடைத்தது, குளிர் கொன்றிருந்தது. வானிலிருந்து தேடுகிறவர் கண்ணுக்கு மனிதன் தெரிவதைவிடக் கார் சீக்கிரம் தெரியும். காரை விட்டுப் போகாதே என்று மீட்புக்குழுவினர் ஓயாமல் சொல்வது இதனால்தான். அப்படி உள்ளே இருப்பவர் எஞ்சினை மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓட்ட வேண்டும். அதற்கு முன் இறங்கிப்போய்ப் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடும்.

எல்லாம் நல்லபடியாக நடந்து மான் விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வண்டிக்கு வேலை இருக்கிறது. வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோ இருக்கும். எலும்பு நீக்கிய இறைச்சியே 100 கிலோவை ஒட்டி வரும். அதை முதுகில் மூன்று, நான்கு நடையாகச் சுமந்து இறக்க வேண்டும். செப்டம்பர் மதிய வெயிலில் இறைச்சி கெட்டுவிடும் என்பதால் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் இரண்டு ஐஸ் பெட்டிகள் தயாராக இருக்கும். உடைத்த ஐஸ் போடுவதில்லை. பால் கேன்களில் தண்ணீர் நிரப்பி வீட்டு ஃப்ரீசரில் பாறையாக உறையவைத்துக் கொண்டுவருகிறார்கள். பாறையாக உறைந்தது மெதுவாக உருகும். உருகினாலும் தண்ணீர் கேனுக்குள்ளேயே இருப்பதால் இறைச்சி ஊறாது. கடைசியில் குடிக்கவும் ஆகும். கூடவே எலும்பு ரம்பம், சுத்தமான துணிப் பைகள். இந்த ரம்பத்துக்கு ஒரு நோயும் காரணம். மான்களின் மூளையை அரிக்கும் ‘கிரானிக் வேஸ்டிங்’ நோய் 1967இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில், ஆராய்ச்சிக்காக அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் காணப்பட்டது. மூளையும் தண்டுவடமும் உள்ள உடலைத் தங்கள் எல்லைக்குள் கொண்டுவரப் பல மாநிலங்கள் இன்று தடை விதித்திருக்கின்றன; அவற்றை அறுத்து நீக்கத்தான் ரம்பம்.

வண்டியில் உணவு வைத்தால் கரடி வரும். கொலராடோவின் கருங்கரடிகள் பூட்டாத கார்க் கதவின் கைப்பிடியை இழுத்துத் திறக்கவே கற்றிருக்கின்றன. கரடி விரட்டும் மிளகாய் ஸ்பிரேயை வெயிலில் நிற்கும் வண்டியில் போட்டு வைப்பதும் ஆபத்து. 50 டிகிரி தாண்டினால் குப்பி வெடிக்கலாம். முள்ளம்பன்றியின் சேட்டை இன்னும் வேடிக்கை. கனடாவின் புகபூ பூங்காவில் மலையேறுகிறவர்கள் காரைச் சுற்றிக் கோழிக்கூண்டு வலை கட்டிவிட்டுத்தான் போகிறார்கள். இல்லாவிட்டால் முள்ளம்பன்றி பிரேக் குழாயையும் டயரையும் கடித்து வைத்துவிடும்.

இத்தனையையும் அடுக்கிய பிறகு, சாவியை மலையில் தொலைத்துவிட்டு வந்து நின்றால்? கண்ணாடி வழியே தூங்கும் பையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சிப் இல்லாத சாதாரணச் சாவி ஒன்றைக் கடையில் வெட்டி வாங்கி, வண்டியின் அடிச்சட்டத்தில் கம்பியால் கட்டிவைப்பது வழக்கம். சாவித் துளை உள்ள வண்டி எதிலும் அது எஞ்சினைக் கிளப்பாவிட்டாலும் கதவைத் திறக்கும். அந்த இரவுக்கு அது போதும்.

டென்வர், சால்ட் லேக் சிட்டி பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஆஸ்பன் மர இலைகள் மஞ்சளாகும் பருவத்தில் இதே மலைச்சாலைகளில்தான் காரில் ஏறுகிறார்கள், பெரும்பாலும் ஒரு பாட்டில் தண்ணீரும் சிப்ஸ் பாக்கெட்டுமாக. வேட்டைச் சாமான்கள் அவர்களுக்கு வேண்டாம். கம்பளி, மண்வெட்டி, ஜாக்கிப் பலகை, காற்றுள்ள ஸ்டெப்னி, பாதிக்குக் குறையாத பெட்ரோல் வேண்டும். செல்போன் சிக்னல் பள்ளத்தாக்கின் முதல் வளைவிலேயே போய்விடும். எந்தச் சாலையில் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். குறித்த நேரம் தாண்டியும் தகவல் இல்லையென்றால் அவசர உதவி எண் 911ஐ அழைக்கும்படியும் அவரிடமே சொல்லி வையுங்கள்.