வீட்டில் சேரும் சில்லறைக் காசு

எங்கள் அம்மா பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். மிஞ்சும் சில்லறையை மைலோ டின்னில் போட்டு, முருகனுக்கென்று சாமி மேடையில் வைத்திருப்பார். அவர் காலமான பின், 2009-இல் டின்னைத் திறந்தோம். மஞ்சள் துணியில் முடிந்த முப்பத்தெட்டு ஒரு வெள்ளி நாணயங்கள் இருந்தன. கள்ள நாணயம் பெருகியதால் அவை 2005 டிசம்பர் 7 முதல் செல்லாமல் போயிருந்தன. அந்த அறிவிப்பு வந்தபோது டின்னைப் பார்க்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஈடாக நோட்டுகளைக் காணிக்கை செலுத்தினோம். ஆனாலும் அம்மா நேர்ந்த காசு அதுவல்லவே!

ஆகவே அன்பர்கள் உண்டியல் டின்னை ஆண்டுக்கொரு முறையாவது கவிழ்த்துப் பார்க்க வேண்டுகிறேன். ஒரு சென் காசு இன்றும் செல்லும். ஆனால் 2008 ஏப்ரல் 1 முதல் கடைகளில் ரொக்கத் தொகையை ஐந்து சென்னுக்குச் சரிக்கட்டுவதால் அதற்கு வேலையில்லை. நம் மலை ஈரத்தில் துருவேறுவதும் அதுதான். 2012-இல் வந்த 20, 50 சென் மஞ்சள் நிறம். பழைய வெள்ளை நிறக் காசுகளும் செல்லும். அளவு வேறாகையால் பிரித்து வையுங்கள்.

ஒரு தடவைக்கு 25 நாணயங்களுக்கு மேல் கொடுத்தால் கடைக்காரர் மறுக்கலாம். 2020-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் அப்படி. மூட்டைக் காசுக்கு வங்கிதான் வழி. எந்த நாளில் எண்ணி வாங்குவார்கள் என்று முன்கூட்டியே கேட்டுப் போங்கள்.

எங்கள் வீட்டில் தைப்பூசத்துக்கு முந்திய வாரம் எண்ணுகிறோம். அது பேரப்பிள்ளைகள் வேலை.