அம்பாளா? ஆண்டாளா? - சுப்ரீம் கோர்ட்டு வரை போன மூக்குப்பொடி!

ராமநாதபுரம் மாவட்டத்தில், உச்சிப்புளிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கிறது புதுமடம்.

இந்த ஊரில் ஒரு குடும்பம் கருவாடு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணல் ஒட்டாமல் காய வைக்கிறார்கள். அளவாக உப்புப் போடுகிறார்கள். பொட்டலத்தின் மேல் ஒரு படகுப் படம். கீழே "வெள்ளிப் படகு" என்று பெயர்.

சரக்கு நயமாக இருக்கிறது. பெயர் பரவுகிறது. "அண்ணே, வெள்ளிப் படகு ஒண்ணு கொடுங்க!" என்று பெண்கள் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள்.

ஆறு மாதம் கழித்து இன்னொரு பொட்டலம் கடைக்கு வருகிறது. அதன் பெயர் "வள்ளிப் படகு"! உள்ளே பாதி மணல், பாதி உப்பு.

ஏமாந்தவர்கள் யாரைத் திட்டுவார்கள்? பாடுபட்டுப் பெயர் எடுத்த முதல் குடும்பத்தைத்தான்!

இந்த ஆபத்தைத் தடுக்கவே வியாபாரச் சின்னத்தைப் பதிவு செய்யும் சட்டம் இருக்கிறது. "டிரேட் மார்க்" என்பது இதைத்தான்.

"வெள்ளி வேறு, வள்ளி வேறு அல்லவா? இதை எப்படித் தடுக்க முடியும்?" என்று சிலர் கேட்கலாம். இதே மாதிரியான கேள்வி சென்னையில் ஒரு முறை எழுந்தது. அது சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று!

மூக்குப்பொடி வழக்கு

சென்னையில் "ஸ்ரீ அம்பாள்" மூக்குப்பொடி பிரசித்தி பெற்றது. உலக உருண்டையின் மேல் அம்பாள் அமர்ந்திருக்கும் படத்தையும், "ஸ்ரீ அம்பாள்" என்ற பெயரையும் அந்தக் கம்பெனி பதிவு செய்து வைத்திருந்தது.

1958-ம் ஆண்டு மார்ச் மாதம் சென்னையைச் சேர்ந்த வேறொரு மூக்குப்பொடி வியாபாரி, "ஸ்ரீ ஆண்டாள்" என்ற பெயரையும் ஆண்டாள் படத்தையும் பதிவு செய்ய மனுப் போட்டார்.

அம்பாள் கம்பெனி ஆட்சேபித்தது. பதிவாளர் அந்த ஆட்சேபணையை ஏற்கவில்லை. கம்பெனி சென்னை ஐகோர்ட்டுக்குப் போயிற்று. அங்கே கம்பெனிக்கு வெற்றி கிடைத்தது. அப்பீலிலும் அதே தீர்ப்புத்தான். ஆண்டாள் வியாபாரி விடவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்.

அவர் தரப்பு வாதம் பலமாகவே இருந்தது. அம்பாள், சிவபெருமானின் தேவி. ஆண்டாளோ ரங்கநாதரை மணந்தவள். இரண்டும் வெவ்வேறு தெய்வங்கள். படங்களும் வேறு.

1969-ல் தீர்ப்பு வந்தது. நீதிபதி பச்சாவத் அதை எழுதினார்.

இரண்டு பெயர்களுக்கும் பொருள் வேறுதான். ஆனால் மூக்குப்பொடி வாங்குகிறவர்கள் எல்லோரும் புராணம் படித்தவர்களா? இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லோரும் வாங்குகிறார்கள். சின்னங்களைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. காதாலும் கேட்டுப் பார்க்க வேண்டும். அம்பாள், ஆண்டாள் என்ற இரண்டின் ஓசையும் ஒன்றுபோலவே இருக்கிறது. ஆகவே "ஆண்டாள்" பெயரைப் பதிவு செய்யக் கூடாது. இதுதான் தீர்ப்பின் சாரம்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. யாரும் உண்மையில் ஏமாந்ததாக அந்த வழக்கில் சாட்சியம் இல்லை. ஏமாற இடம் இருக்கிறது என்பதே போதுமானதாயிற்று!

இரண்டு பொட்டலங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? எழுத்துத் தெரியாத பாட்டிக்கும், கடைக்கு ஓடி வரும் சிறுவனுக்கும் பெயரின் ஓசைதான் அடையாளம். அவர்களையும் மனத்தில் வைத்தே சட்டம் பார்க்கிறது.

பதிவு செய்வது எப்படி?

இப்போது நடைமுறையில் உள்ளது 1999-ம் ஆண்டுச் சட்டம். 2003 செப்டம்பர் 15 முதல் அது அமலில் இருக்கிறது. பொருள்களுக்கு மட்டும் அல்ல. ஓட்டல், சலவை, படகுச் சவாரி போன்ற சேவைகளுக்கும் சின்னம் பதிவு செய்யலாம்.

முதலில், அதே பெயரோ அதைப் போன்ற பெயரோ ஏற்கனவே இருக்கிறதா என்று தேட வேண்டும். இணையத்தில் இலவசமாகவே தேடலாம்.

பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கருவாடு 29-வது வகுப்பு. மிளகாய்ப் பொடி 30-வது வகுப்பு. தனி நபரும் சிறு தொழில் செய்பவரும் இணையம் வழியே மனுப் போட்டால், ஒரு வகுப்புக்குக் கட்டணம் ரூ.4,500. பெரிய கம்பெனிகளுக்கு ரூ.9,000. தமிழ்நாட்டு மனுக்களைச் சென்னை கிண்டியில் உள்ள அலுவலகம் கவனிக்கிறது.

அதிகாரிகள் சோதித்து ஏற்றுக்கொண்டால், சின்னம் அரசுப் பத்திரிகையில் வெளியாகும். 4 மாதத்துக்குள் யாரும் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபணை இல்லாவிட்டால் பதிவாகும். மனுப் போட்ட நாளிலிருந்து 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு 10 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கலாம்.

பதிவு செய்யாத பெயருக்குப் பாதுகாப்பே இல்லையா? உண்டு. ஆனால் தம் பெயர் மக்களிடம் நிலைபெற்றது என்பதைக் கோர்ட்டில் நிரூபித்தாக வேண்டும். பழைய பில்களையும் விளம்பரங்களையும் தேடி அலைய வேண்டும். பதிவுச் சான்று கையில் இருந்தால் அந்தச் சிரமம் குறையும்.

ஊர்ப் பெயர் யாருக்குச் சொந்தம்?

"வெள்ளிப் படகு" என்று பெயர் வைப்பதற்குப் பதில் "புதுமடம் கருவாடு" என்றே பதிவு செய்துவிட்டால் என்ன?

அது எளிதில் நடக்காது. ஊரையும் சரக்கையும் மட்டும் சொல்லும் பெயரை ஒருவர் தமக்கே சொந்தமாக்கிக்கொள்ளச் சட்டம் பொதுவாக இடம் தராது. அந்த ஊரில் கருவாடு போடும் எல்லோருக்கும் அந்தப் பெயரில் பங்கு உண்டு அல்லவா?

ஒரு வட்டாரத்தின் தனிச் சிறப்பான பொருளுக்கு வேறு வழி இருக்கிறது. அதற்குப் "புவிசார் குறியீடு" என்று பெயர். உருண்டையாக இருக்கும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் அது கிடைத்தது. அந்தப் பெயர் எந்தத் தனி முதலாளிக்கும் சொந்தம் அல்ல. அந்த வட்டாரத்தில் மிளகாய் விளைவிப்பவர்களின் பொதுச் சொத்து.

சிறு வியாபாரிகள் பலர், "பெயர் பிரபலமாகட்டும், பிறகு பதிவு செய்துகொள்ளலாம்" என்று இருந்துவிடுகிறார்கள். பிரபலமான பெயருக்குத்தான் போலி வரும். பெயர் வைக்கும்போதே தேடிப் பார்த்து மனுப் போட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

ஒன்றை மட்டும் எந்த அலுவலகத்திலும் பதிவு செய்ய முடியாது. அதுதான் சரக்கின் தரம். கருவாட்டில் மணல் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது எப்போதும் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு!