மின்தூக்கியில் எடைக்கருவியின் முள் ஏறுவது ஏன்?

60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் மின்தூக்கிக்குள் எடை பார்க்கும் கருவியின் மீது நிற்க, மின்தூக்கி நொடிக்கு நொடி 2 மீட்டர் வேகம் கூடுமாறு மேல்நோக்கிக் கிளம்பினால், கருவியின் முள் ஏறத்தாழ 72 கிலோகிராமைக் காட்டும். இதன் காரணத்தை அறிய, மின்தூக்கி, கம்பிவடம், சுவர் அனைத்தையும் விலக்கிவிட்டு, அந்த மனிதரை மட்டும் ஒரு புள்ளியாகக் குறித்து, அவர்மீது பிற பொருள்கள் செலுத்தும் விசைகளை அம்புக்குறிகளாக வரைய வேண்டும். இதுவே தனித்த பொருளின் விசைப்படம் எனப்படும். புவி கீழ்நோக்கி இழுக்கும் விசை 60 × 9.8, அதாவது 588 நியூட்டன். கருவியின் பரப்பு அவரை மேல்நோக்கித் தள்ளும் விசை, பரப்புக்குச் செங்குத்தாக அமைவதால், செங்குத்து விசை எனப்படுகிறது. அம்புகள் இவ்விரண்டே. நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கி வரும் 120 நியூட்டனை மூன்றாவது அம்பாக வரைந்துவிடுவது மாணவர் பலர் செய்யும் பிழை; அது தனியொரு விசையன்று, நியூட்டன் 1687இல் வெளியிட்ட இரண்டாம் விதிப்படி, இவ்விரு விசைகளின் வேறுபாடே அது. ஆகவே செங்குத்து விசை 588 + 120 = 708 நியூட்டன்; கருவி உணர்வது இதைத்தான், இதை 9.8ஆல் வகுத்தே அது கிலோகிராமாகக் காட்டுகிறது. மின்தூக்கி சீரான வேகத்தை எட்டியதும் முடுக்கம் மறைந்துவிடுவதால், அது எவ்வளவு விரைவாக மேலே சென்றாலும், முள் 60க்கே திரும்பிவிடும்.