செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள்! நிழலில் பூக்கும் ஊதா இலைச் செடி

வடக்குப் பார்த்த பால்கனி, எதிர் அடுக்குமாடி மறைக்கும் ஜன்னல், மாமரம் கவிந்த முற்றம்... இப்படி வெயில் நேரடியாக விழாத இடத்தில் ரோஜாவையும் செம்பருத்தியையும் வைத்துச் சலித்துப்போனவரா நீங்கள்? இலை வரும், பூ மட்டும் வராது. அந்த இடத்துக்குப் பொருத்தமான செடி ஒன்று இருக்கிறது. கத்திரிக்காய்த் தோல் நிறத்தில் இலை, வெளிர் இளஞ்சிவப்பில் சின்னச் சின்னப் பூக்கள். பெயர், ஆக்ஸாலிஸ் ட்ரையாங்குலாரிஸ். நர்சரியில் 'ஊதா ஆக்ஸாலிஸ்' என்று கேட்டால் போதும்.

பல ஆண்டுகள் வாழக்கூடிய இந்தச் செடி, பல வீடுகளில் ஓராண்டுகூடத் தாண்டுவதில்லை. காரணம் நோயோ பூச்சியோ அல்ல. செடி ஓய்வெடுப்பதைச் செத்துவிட்டதாக நினைத்து, தொட்டியைக் காலி செய்துவிடுகிறோம்.

புளியாரைக்குச் சொந்தம்

தொட்டி ஓரத்திலும் வரப்பிலும் தானாக முளைக்கும் புளியாரையும் இதுவும் ஒரே பேரினம். பிரேசில் உள்ளிட்ட தென் அமெரிக்க நாடுகள்தான் இதன் தாயகம். ஒரு காம்பில் மூன்று இலைகள். ஒவ்வொன்றும் முக்கோண வடிவில், பட்டாம்பூச்சி இறக்கையைப் போல இருக்கும்.

ஊதா நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. பச்சையம் இல்லை என்று நினைக்க வேண்டாம். அது இருக்கிறது, ஊதாவுக்குள் மறைந்திருக்கிறது.

பொழுது சாய்ந்ததும் இலைகள் குடைபோல மடங்கிக்கொள்ளும். காலையில் விரியும். காம்போடு இலை சேரும் இடத்தில் நீரழுத்தம் மாறுவதால் இப்படி நடக்கிறது. தொட்டாற்சிணுங்கி சுருங்குவதும் இதே முறையில்தான். இரவில் இதைப் பார்த்து, 'வாடிவிட்டதே' என்று தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள்!

எப்படி நடுவது?

* அடியில் துளையுள்ள 6 அங்குலத் தொட்டி போதும்.
* செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, ஒரு கைப்பிடி மணல் சேருங்கள்.
* சின்னக் கிழங்குகள் நான்கைந்தை ஓர் அங்குல ஆழத்தில் நடுங்கள். சில வாரங்களில் முளை தெரியும்.
* காலை இளவெயில் ஒரு மணி நேரம் பட்டால் நல்லது. உச்சி வெயில் இலையைக் கருக்கிவிடும்.
* வெளிச்சமே இல்லாத மூலை வேண்டாம். காம்பு நீண்டு சாய்ந்தால், வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். தொட்டியை ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள்.

தண்ணீரில்தான் கவனம்

நிழலில் இருக்கும் மண் சீக்கிரம் காயாது. மாடியில் வெயிலில் இருக்கும் செடிக்கு ஊற்றுவதுபோல இதற்கும் தினமும் ஊற்றினால் கிழங்கு அழுகிவிடும். விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரையும் கொட்டிவிடுங்கள்.

கீரை அல்ல

புளியாரை சமைப்பவர்கள் இதையும் பறித்துச் சமைக்க வேண்டாம். இதில் ஆக்ஸாலிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரகக் கல் பிரச்னை உள்ளவர்களுக்கு இது ஆகாது. நாய், பூனை அதிகம் கடித்துத் தின்றாலும் ஆபத்து. குழந்தைகளுக்கும் செல்லப் பிராணிகளுக்கும் எட்டாத உயரத்தில் வைப்பது நல்லது.

கத்திரி வெயிலில் தூக்கம்

சமவெளியில் இருப்பவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் பயப்படத் தேவையில்லை. கடும் வெப்பத்தில் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகிக் காய்ந்துவிடும். சில நாட்களில் வெறும் மண் மட்டுமே தெரியும். மண்ணுக்குள் கிழங்கு உயிரோடுதான் இருக்கும். சூடும் வறட்சியும் தணியும்வரை காத்திருக்கும், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் உரமும் வேண்டாம், வழக்கமான தண்ணீரும் வேண்டாம். காய்ந்த இலைகளை நீக்கிவிட்டு, மழை படாத நிழலில் தொட்டியை ஓரமாக வையுங்கள். ஒரு மாதமோ, அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ ஆகலாம். முளை எட்டிப் பார்த்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். கிழங்குகள் பெருகித் தொட்டி நிறைந்திருந்தால், பிரித்து நடுவதற்கும் இதுதான் நேரம்.

நாள் ஆகியும் முளை வரவில்லையா? மண்ணை மெதுவாக விலக்கி, கிழங்கைத் தொட்டுப் பாருங்கள். கொழகொழவென்று இருந்தால் அழுகிவிட்டது. கெட்டியாக இருந்தால் மண்ணை மூடிவிட்டு, இன்னும் கொஞ்சம் பொறுத்திருங்கள்.