மண்டபம் முகாமும் ஆறு ஸ்பூன் சர்க்கரையும்

பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம், மண்டபத்தில் ஒரு முகாம் இருக்கு. இன்னைக்கு அங்கே இலங்கைத் தமிழர்கள் வாழ்றாங்க. பிரிட்டிஷ் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைக் கடல் தாண்ட விடாமல் சில நாள் நிறுத்தி வைத்த இடம் அது. அதுக்கு ஒரு காரணம், காலரா. கிருமி உள்ளே போனால் பெரும்பாலும் 5 நாளுக்குள் நோய் தெரிந்துவிடும்.

நிறுத்தி வைத்தால் நோய் பரவாது, சரி. நோயாளி பிழைப்பாரா? காலராவில் உயிரை எடுப்பது கிருமி இல்லைங்க, உடம்பை விட்டு ஓடுற தண்ணீரும் உப்பும்தான். வெறும் தண்ணீர் போதாது. குடலில் சர்க்கரை உப்பைக் கூடவே உள்ளே இழுக்கும், உப்புக்குப் பின்னால் தண்ணீர் போகும்.

1971-ல் வங்க அகதிகள் முகாமில் சலைன் தீர்ந்துபோனப்போ, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலைத்தான் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4-க்கும் கீழே வந்தது.

அதனால "தண்ணி குடிச்சா இன்னும் போகும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஓஆர்எஸ் பாக்கெட் இல்லையா? 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. மலத்தில் ரத்தம், சிறுநீர் வராமல் போவது, மயக்கம் இருந்தா உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.