பருப்பும் வினாகிரியும்: ஒரு ஜேர்மனிய இராப்போசனம்

1980களில் நம்மவர் பலர் ஜேர்மனியில் அடைக்கலம் கோரினர். அந்நாட்டின் 1982ஆம் ஆண்டுப் புகலிடச் சட்டத்தின்படி, விண்ணப்பித்தவர் தமக்கென ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியேற இயலாது. ஆகையால் தமிழர் ஒரே நகரிற் குவியாமல் சிறு பட்டினங்கள்தோறும் சிதறி வாழ்ந்தனர். பிற்காலத்தில் ஜேர்மனியக் குடியுரிமை பெற்ற பலர் இலண்டனுக்கு இடம்பெயர்ந்தனர். ஐரோப்பிய ஒன்றியத்தின் சுதந்திர நடமாட்ட உரிமை பிரித்தானியாவில் 2020ஆம் ஆண்டின் முடிவுவரை நடைமுறையில் இருந்தமை அதற்கு வழிசெய்தது. ஆங்கிலக் கல்வியும், கோயிலும், உறவினரும் அவர்களை இங்கே ஈர்த்தன.

அவ்வாறு வந்த பிள்ளைகள் நம் வகுப்புகளிலும் உள்ளனர். அவர்கள் சிறுவயதில் உண்ட ஜேர்மனிய உணவைப் பெற்றோர் "வெள்ளைக்காரச் சாப்பாடு" என்று ஒதுக்க, பிள்ளைகள் பிட்டை ஒதுக்குகின்றனர். இரு பக்கமும் பிடிவாதம். மேசையிற் பேச்சுக் குறைகின்றது. வீட்டிற் பேச்சுக் குறைந்தால் தமிழும் குறையும் என்பது ஆசிரியர்களாகிய நாம் கண்கூடாகக் காண்பது. இப்பிணக்கைத் தீர்க்க வாரத்தில் ஒரு நாள் போதும் என்பது அடியேன் கருத்து. அதற்கு உகந்த உணவு, தென்மேற்கு ஜேர்மனியின் ஸ்வாபன் பகுதி மக்கள் உண்ணும் பருப்பும் "ஸ்பெற்ஸ்லே"யும் ஆகும்.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அந்தப் பருப்பு நாம் அறிந்த மைசூர்ப் பருப்பின் இனமே. நாம் தோல் நீக்கி உடைத்துச் சமைக்கின்றோம். அவர்கள் தோலுடன் முழுதாகச் சமைக்கின்றனர். மாணவர்களுக்கு ஒரு செய்தி: இப்பருப்பின் இலத்தீன் பெயர் "லென்ஸ்". கண்ணாடி வில்லை இதன் வடிவை ஒத்திருந்தமையால், அதற்கும் அப்பெயரே வந்தது.

ஸ்வாபன் மலைநிலம் சுண்ணாம்புக் கற்பாறை நிலம். மழைநீர் மேலே தங்காமற் கீழிறங்கிவிடும், மண்ணும் மெல்லியது. யாழ்ப்பாணக் குடாநாட்டை அறிந்தவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அத்தகைய வறிய மண்ணிலும் விளைவது இப்பருப்பு. இதன் தண்டு வலுவற்றது. ஆதலால் வாற்கோதுமை போன்ற தானியத்தை உடன் விதைத்து, அதிற் சாய்ந்து வளரச் செய்வர். அறுவடையின்பின் இரண்டையும் பிரித்தெடுப்பர். வேலை மிகுதி, வருவாய் குறைவு என்பதால் 1950களின் பின் அங்கே இப்பயிர் அறவே அற்றுப்போயிற்று. 1985இல் வொல்டெமார் மம்மெல் என்னும் விவசாயி மீண்டும் பயிரிடத் தொடங்கினார். ஆயினும் ஊரின் பழைய விதை எங்கும் கிடைக்கவில்லை. பிரான்சிய இனத்தை விதைத்தே காலங் கடத்தினார். இறுதியில் 2006ஆம் ஆண்டு, ரசியாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிலுள்ள வவிலோவ் நிறுவனத்தின் விதைக் களஞ்சியத்தில் அப்பழைய இனங்கள் இருப்பது தெரியவந்தது. இரண்டாம் உலகப்போரில் அந்நகர் முற்றுகையிடப்பட்டபோது, அந்நிறுவன ஊழியர் சிலர் பசியால் மடிந்தும் விதைகளைக் காத்தனர். சிறிதளவாகப் பெற்றுவந்த பருப்பு விதை ஆண்டுதோறும் பெருக்கப்பட்டு, இன்று ஸ்வாபன் வயல்களில் மீண்டும் விளைகின்றது.

இனிச் சமையல். நால்வருக்கு 250 கிராம் முழுப்பருப்பு வேண்டும். மிச்சம், ரூட்டிங் கடைகளில் முழு மைசூர்ப் பருப்பு என்று கேட்டால் தருவர். ஒரு வெங்காயம், இரண்டு கரட், சிறிது லீக்ஸ் ஆகியவற்றைப் பொடியாக அரிந்து எண்ணெயில் வதக்கி, பருப்பும் ஒரு லீற்றர் நீரும் சேர்த்து அரைமணி நேரமளவில் அவியவிடுக. வேறு சட்டியில் ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவை வெண்ணெயிற் பொன்னிறமாக வறுத்துச் சேர்த்தால் குழம்பு தடிக்கும். உப்பும், இரண்டு மேசைக்கரண்டி வினாகிரியும், சிட்டிகை சீனியும் கடைசியிலேயே இடல் வேண்டும். புளிப்பு முந்தினால் பருப்பு அவியாது. சாம்பாருக்கு நாம் பருப்பு அவிந்தபின் புளி கரைத்து ஊற்றுவதும் இக்காரணம் பற்றியே.

ஸ்பெற்ஸ்லே செய்ய, 300 கிராம் கோதுமை மா, மூன்று முட்டை, அரைக்கோப்பை நீர், உப்பு ஆகியவற்றைக் குமிழி வரும்வரை அடித்துக் கால்மணி நேரம் வைக்கவும். தேர்ந்த ஸ்வாபன் பெண்கள் இக்கலவையைப் பலகையிற் பரப்பி, கத்தியாற் கீறிக் கொதிநீரில் வீழ்த்துவர். அக்கைவன்மை நமக்கில்லை, ஆனால் உரல் இருக்கின்றது! துளை பெரிய அச்சிட்ட முறுக்கு உரலாற் பிழியலாம். அவர்களும் இதற்கென ஒருவகை உரல் வைத்திருக்கின்றனர். பிழிவதைப் பிள்ளைகளிடம் விடுக. மிதந்து வருவதைத் துளைக்கரண்டியால் அள்ளிப் பருப்புடன் பரிமாறுக.

அவர்கள் இதனுடன் சொசேச் வைப்பர். அது பெரும்பாலும் பன்றியிறைச்சி. விலக்குவோர் விட்டுவிடலாம், சுவை குன்றாது. வினாகிரிப் போத்தல் மேசையில் இருக்கட்டும். அவரவர் விருப்பப்படி இன்னுஞ் சிறிது விடுவது அந்நாட்டு வழக்கம். மிஞ்சிய ஸ்பெற்ஸ்லேயை மறுநாள் வெங்காயத்துடன் வெண்ணெயில் வதக்கி உண்பர். அதில் இரண்டு பச்சை மிளகாய் அரிந்து போடுவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.